தலை என்றுதான் சொன்னாள்

சலவை ஆலையில் உருளை இஸ்திரிக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு வேர்வை என்று தனியாக ஒன்று கிடையாது. அந்தக் கூடமே வேர்த்துக்கொண்டிருக்கும். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் பிழிந்த ஈரத்தோடு தள்ளுவண்டியில் வந்து சேரும். ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து உதறி, சுருக்கம் விழாமல் இழுத்து, சூடான உருளைக்குள் விட வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் உள்ளே போய்விடும். அதனால் பேச்சு ஒரு பக்கம் நடந்தாலும் கண் மட்டும் உருளையை விட்டு நகராது.

அவள் உருளைக்கு இடப்பக்கம் நிற்பாள். வலப்பக்கம் நெட்டை. நெட்டைக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவில் மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் பல வருஷமாக ஜோடி. ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்திக்கு வேறு ஆளோடு கை ஒத்துவராது.

அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு நின்றதே தவிர மழை இறங்கவில்லை. வெளியே புழுக்கம், உள்ளே நீராவி. பாய்லர் குழாயின் மேல் எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரங்களும் சூடு ஆறாமல் இருக்க வரிசையாக உட்கார்ந்திருந்தன. நெட்டை தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பல்செட்டைக் காணோம்னு வீட்டையே ரெண்டாக்கிட்டா. கடைசில பாத்தா வாயிலதான் இருக்கு. அதை வச்சுக்கிட்டேதான் என்னைத் திட்டியிருக்கா."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னடி?"

"தலை... பின்னாடி யாரோ கட்டையால போட்ட மாதிரி இருக்குடி."

கையிலிருந்த முனை நழுவி, விரிப்பு கோணலாக உருளைக்குள் இழுபட்டது. மேஸ்திரி தூரத்திலிருந்தே கத்தினார். அவளுக்கு அது காதில் விழவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் தள்ளுவண்டி இருந்தது. அதற்குள் வாந்தி எடுத்தாள்.

"அய்யோ, துவைச்சதுல எடுத்துட்டேனே" என்றாள்.

"துணி கெடக்குது விடு. எங்க வலிக்குது?"

"தலைதான். கழுத்தெல்லாம் விறைக்குது. வெளிச்சத்தைப் பாக்க முடியல."

மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். "புழுக்கத்துல வர்ற மயக்கம். மூஞ்சில தண்ணி அடி, சரியாப்போயிடும்" என்றார். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். சரியாகப் போகவில்லை. கண் சொருகிச் சொருகி வந்தது. நெட்டை அவள் புருஷனுக்குப் போன் போட்டாள்.

புருஷன் பெரிய சாலையில் டயர்க்கடை வைத்திருந்தான். பஞ்சர் ஒட்டுவது, டியூப் மாற்றுவது, காற்றடிப்பது. கறுத்த கைகளோடு அப்படியே ஓடி வந்தான். ஆலையின் வேனில் அழுக்குத்துணி மூட்டைகளின் மேல் அவளைப் படுக்கவைத்தார்கள். நெட்டையும் ஏறப் போனாள்.

"நீயும் போயிட்டா உருளைல யாரு நிப்பா, உங்கப்பனா?" என்றார் மேஸ்திரி. நெட்டை இறங்கிக்கொண்டாள். வேன் திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

டயர்க்கடைக்காரன் கெட்டவன் என்று தெருவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். குடி கிடையாது. பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தது கிடையாது. பிள்ளை இல்லை என்று அவன் சொந்தக்காரர்கள் பேச்செடுத்தபோது, "எங்க ரெண்டு பேருக்கும் நாங்களே புள்ளைங்க" என்று வாயை அடைத்தவன். ஒரு குணம்தான் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் வரிசையின் வால் எங்கே என்று தேடமாட்டான். தலை எங்கே என்றுதான் பார்ப்பான். அங்கே இருக்கிற ஆளிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லி முன்னால் நுழைந்துவிடுவான். தண்ணீர் வரி கட்டுகிற இடத்தில், "வீட்டுல கேஸ் அடுப்பை அணைக்காம வந்துட்டேங்க" என்று சொல்லி நுழைந்ததை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளோ எங்கேயும் வாலில் போய் நிற்கிறவள். "பொழைக்கத் தெரியாதவ" என்பான். "உங்க பொழப்பு ஒருநாள் சந்தி சிரிக்கும்" என்பாள் அவள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கூட்டம் நெருக்கியது. பெஞ்சுகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் மேஜையில் இருந்தவர் நிமிராமலே, "என்ன செய்யுது?" என்றார்.

"தலைவலிங்க. வாந்தி வேற."

"அந்தப் பக்கம் உட்காருங்க. கூப்பிடுவாங்க."

உட்கார்ந்தார்கள். அவள் அவன் தோளில் சாய்ந்து கண்ணை இறுக மூடியிருந்தாள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கால் பிசகல் என்று அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் ஏராளம். ஒருவரும் நகர்வதாகத் தெரியவில்லை. அப்போது ஒரு வயதானவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். "நெஞ்சு வலி" என்று ஒருத்தர் சொன்னதுதான் தாமதம், கதவு திறந்தது, சக்கர நாற்காலி வந்தது, அவர் உள்ளே போய்விட்டார்.

டயர்க்கடைக்காரன் அதைப் பார்த்தான். அவளைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவருகில் நின்ற நர்ஸைப் பிடித்தான்.

"சிஸ்டர், எம் பொண்டாட்டிக்கு நெஞ்சு வலிங்க. ரொம்ப முடியல."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். வெளுத்துப்போய், வேர்த்து வழிந்து கிடந்தது. சக்கர நாற்காலி வந்தது.

"தலைங்க" என்றாள் அவள். "தலை..."

"சும்மா இரு. உள்ள போனப்புறம் சொல்லிக்கலாம்" என்று அவள் காதோரம் சொல்லிவிட்டு நாற்காலியைத் தானே தள்ளினான்.

உள்ளே ஒரு சின்ன வயது டாக்டர் இருந்தார். கண் சிவந்து, முந்தின நாளிலிருந்தே அங்கே நிற்கிறவர்போல இருந்தார். அவர் பேச்சுக் கொடுக்குமுன்பே நர்ஸ் அவள் மார்பில் ஒயர்களை ஒட்டிவிட்டாள். இயந்திரம் கிறுகிறுவென்று தாளைத் தள்ளியது. சின்ன டாக்டர் அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"எப்பருந்து நெஞ்சு வலி?"

சொல்லிவிடலாம் என்றுதான் அவன் உள்ளே வந்திருந்தான். ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"ஏங்க, அதுல ஏதும் தெரியுதா?"

"மாரடைப்பு மாதிரி இருக்கு. எப்பருந்துன்னு கேட்டேன்."

அவன் தாளை எட்டிப் பார்த்தான். வரிசையைத் தாண்ட வாயில் வந்ததைச் சொன்னான். இயந்திரமும் அதையே சொல்கிறது. அப்படியானால் அதுதான் நிஜமாக இருக்கும். இவளுக்கு என்ன தெரியும், வலியில் எதையோ சொல்கிறாள்.

"இப்பதாங்க, மத்தியானத்துலருந்து. அவங்கப்பாவும் நெஞ்சுலதாங்க போனாரு."

"தலை" என்றாள் அவள் கட்டிலிலிருந்து. "டாக்டர், தலைதான்..."

"பிரஷர் ஏறியிருக்கும்மா. அதுல தலையும் வலிக்கும். பேசாதீங்க" என்றார் சின்ன டாக்டர். அவர் கண் தாளிலேயே இருந்தது.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அவள் காலைத் தடவிக்கொடுத்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள்.

பிறகு அவள் இன்னொரு தடவை வாந்தி எடுத்தாள். அதன்பின் தூங்கினாள். நல்லது, வலி விட்டிருக்கிறது என்று அவன் நினைத்தான். வெளியே போய் டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டான். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பெரிய டாக்டரம்மா ஒருவர் அவள் இமையைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். எழுப்பினால் எழவில்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு தலையை ஸ்கேன் எடுக்க ஓடினார்கள்.

டாக்டரம்மா திரும்பி வந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாரடைப்பு இல்ல. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி வெடிச்சிருக்கு."

"மெஷினு நெஞ்சுன்னு காட்டிச்சே?"

"காட்டும். மூளையில திடீர்னு ரத்தம் கசிஞ்சா அந்த அதிர்ச்சி இதயத்தையும் போட்டு உலுக்கும். ஈசிஜி எடுத்தா சில பேருக்கு அச்சு அசலா மாரடைப்பு மாதிரியே இருக்கும். இதயத்துல அடைப்பு இருக்காது. அதனாலதான் தாள்ல இருக்கற கோட்டை மட்டும் பாக்காம, என்ன வலின்னும் கேக்கணும்."

"அப்ப அந்த ஊசி?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "வெடிச்ச எடத்துல ரத்தம் தானா உறைஞ்சு அடைச்சுக்கப் பாத்திருக்கும். ஊசி அதையும் கரைச்சிருக்கு. இப்ப ஆபரேஷன் பண்ணணும். ஆனா அந்த மருந்தோட வேகம் அடங்காம தலையில கத்தி வைக்க முடியாது. அதுக்கு மாத்து மருந்து ஏத்துறோம்."

அவனுக்கு அது நன்றாகப் புரிந்தது. ஒட்டுப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தை நாமே பிய்த்து விட்டிருக்கிறோம்.

"வந்தப்ப தலைவலின்னு நீங்க யாருமே சொல்லலையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவளுடைய அக்கா வராந்தாவில் செருப்புச் சத்தத்தோடு வந்துவிட்டாள். அக்கா தையல்காரி. கல்யாணம் வேண்டாம் என்று தனியாக ஒரு மாடி அறையில் மிஷினோடு இருக்கிறவள். நாக்கும் கத்தரியும் ஒரே பதம். வழியில் நெட்டையிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சொல்லாம எப்படிங்க? தலை தலைன்னுதான் கத்தியிருக்கா. ஆலையே கேட்டிருக்கு. இங்க வந்து மட்டும் சொல்லாம இருப்பாளா? சொல்லுங்க மாப்ள, சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னோம்" என்றான் டயர்க்கடைக்காரன்.

அவள் பிழைத்தாள். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிருந்தது. மொட்டையடித்த தலையில் காது முதல் நெற்றிவரை தையல் ஓடியது. அக்கா அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு வெளியே போய் அழுதாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அவளை யார் பார்ப்பது என்ற பேச்சு எழுந்தது. "எங்கிட்ட விடுங்க" என்றாள் அக்கா. ஆனால் அவள் அறைக்கு ஏறுகிற படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. நல்ல காலோடு ஏறுகிறவர்களே மூச்சு வாங்குவார்கள். நெட்டை ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்து ஆலைக் கதைகளைச் சொல்லிவிட்டுப் போவாள். மற்றபடி எல்லாம் புருஷன்தான்.

அதை அவன் குறை வைக்காமல் செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் அவளைத் தூக்கிக் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவான். தண்ணீர் காதுக்குள் போகாமல் ஒரு கையால் மறைத்துக்கொள்வான். ரப்பர் வாடை போக எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துவிட்டுத்தான் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவான். ஒரு பக்க வாயில் சோறு தங்கிவிடும், விரலைவிட்டு எடுப்பான். பிறகு கடை. மதியம் மறுபடி வந்து புரட்டிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போடுவான். டயரை உருட்டிப் பழகிய கை, அவளைப் புரட்டும்போது அத்தனை பதவிசாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனிடம், "பாத்துக்க. ஆம்பளைன்னா அது" என்று ஜாடை பேசினாள்.

அவளுக்கு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. முதலில் 'தண்ணி'. பிறகு 'போதும்', 'அக்கா', 'வலி'. ஒவ்வொரு சொல் வரும்போதும் தெரு சந்தோஷப்பட்டது. அவனும் சிரித்தான். ஆனால் புதிதாக ஒரு சொல் அவள் வாயில் திரளுகிறபோதெல்லாம் அவன் கையில் இருக்கிற கிண்ணம் அசையாமல் நிற்கும்.

அன்றைய நாளைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. பேச்சோடு அந்த நினைவும் போயிருக்கும் என்று அவன் நம்பத் தொடங்கினான்.

அக்கா சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்குப் புகார் கொடுத்தாள். "தலைவலின்னு வந்தவளுக்கு நெஞ்சுக்கு மருந்து குடுத்து முடமாக்கிட்டான்" என்று போகிற வருகிற இடமெல்லாம் சொன்னாள். சின்ன டாக்டர், நெஞ்சு வலி என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள், கேஸ் தாளிலும் அப்படியே எழுதியிருக்கிறேன் என்றார். அந்த நர்ஸ் வேலையை விட்டு வேறு தேசம் போயிருந்தாள். "தன் தப்பை மறைக்க அவரே எழுதிக்கிட்டது" என்றாள் அக்கா. டயர்க்கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தலைவலி என்றுதான் சொன்னேன் என்று அவன் சொன்னான். வாசல் மேஜையில் அப்படித்தானே சொன்னான். அதை மட்டும் நினைத்துக்கொண்டு சொன்னான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் சாயங்காலம் சின்ன டாக்டர் கடைக்கே வந்துவிட்டார். தார்ப்பாய் ஒழுகிக்கொண்டிருந்தது. டயர்க்கடைக்காரன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். யார் என்று தெரிந்ததும் நிமிரவில்லை.

"அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

"நான் சண்டைக்கு வரலைங்க. நான் பண்ணது தப்புதான். அவங்க வாயாலேயே தலைன்னு சொன்னாங்க. நான் காதுல வாங்கல. தாள்ல தெரிஞ்சதையும் நீங்க சொன்னதையும் சேத்துப் பாத்து முடிவு பண்ணிட்டேன். அதுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

"அப்பறம் என்ன?"

"யாருமே நெஞ்சுன்னு சொல்லாம, நானா எழுதிக்கிட்டேன்னு சொல்றாங்க. ஏமாத்துக்காரன்னு பேர் வருது. நீங்க சொன்னீங்கல்ல? அவங்க அப்பாவும் நெஞ்சுலதான் போனாருன்னுகூட சொன்னீங்களே. அதை நான் எங்கேருந்து கற்பனை பண்ணுவேன்?"

குமிழி வந்தது. டயர்க்கடைக்காரன் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டான்.

"எனக்கு அன்னைக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க. பொண்டாட்டி சாகக் கெடக்கறப்ப எவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

"ஞாபகம் இல்லைன்னாவது சொல்லுங்க. சொல்லவே இல்லைன்னு சொல்லாதீங்க."

"கடையில ஆளுங்க நிக்கிறாங்க" என்றான். மழையில் ஒருவரும் நிற்கவில்லை. சின்ன டாக்டர் நனைந்துகொண்டே போனார்.

நோயாளி பேசுகிறாள் என்று தெரிந்து, விசாரிக்கிறவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஓர் அம்மாள், கூட ஓர் அதிகாரி. அக்கா முன்னாடியே வந்து தங்கையின் தலையை வாரி, நல்ல துணி உடுத்தி, தலையணையை அண்டைகொடுத்து உட்காரவைத்திருந்தாள். டயர்க்கடைக்காரன் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான். பிறகு கட்டிலோரம் நின்றான். அவள் வாயின் ஓரம் ஈரம் வழிந்தபோது பழக்கத்தில் துண்டால் ஒற்றினான்.

அந்த அம்மாள் தன்மையாகவே கேட்டார். "அவசரமே இல்லம்மா. மெதுவா சொல்லுங்க. அன்னைக்கு உங்களுக்கு எங்க வலிச்சுது?"

"தலை."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். தலை... தலைன்னு."

அக்கா அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"சரி. நெஞ்சு வலின்னு உங்க வீட்டுக்காரர் சொன்னதா டாக்டர் சொல்றாரு. உங்களுக்கு அது நினைவு இருக்கா? அவர் என்ன சொன்னாரு?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்காவின் முகம் நியாயம் கிடைக்கப்போகிற வெளிச்சத்தில் இருந்தது. பிறகு புருஷனைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சக்கர நாற்காலி இருந்தது, காதோரம் சொன்னது இருந்தது, கட்டிலில் காலைத் தடவியது இருந்தது. ஒன்றுகூட அழியவில்லை என்று அவனுக்கு அந்த இடத்தில் தெரிந்தது.

"அவரும்..." என்றாள். வாய் கோணி நின்றது. விழுங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "தலைன்னுதான்... சொன்னாரு."

"நல்லா நினைவு இருக்கா?"

"இருக்கு."

அதிகாரி எழுதிக்கொண்டார். அக்கா, "அந்த டாக்டருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"சொல்ல முடியாதுங்க. வேலை போகும். இனிமே வைத்தியம் பாக்க விடுவாங்களான்னே சந்தேகம்தான். தப்பு பண்றது ஒண்ணு, பொய்யா எழுதறது வேற இல்லையா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "பாவம், பழசெல்லாம் ஞாபகம் வந்திருச்சு" என்றார் அந்த அம்மாள். அக்கா அவர்களை வாசல் தாண்டித் தெருமுனைவரை வழியனுப்பப் போனாள்.

டயர்க்கடைக்காரன் கட்டிலோரம் மடங்கி உட்கார்ந்தான். அவள் செத்த காலைப் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் வைத்து அழுதான்.

"என்னைக் காப்பாத்திட்ட. நான் உனக்கு என்ன பண்ணேன், நீ எனக்கு என்ன பண்ணியிருக்க! சாகுற வரைக்கும் உன்னைக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவேன்."

"உங்களுக்காக... இல்ல" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"நெஜத்தைச் சொன்னா... அக்கா உங்களை... இந்த வீட்டுல விடமாட்டா." மூச்சு வாங்கியது. "நாளைக்கு... என்னை யாரு தூக்குவா?"

அவன் அவள் காலிலிருந்து கையை எடுத்தான்.

"அந்த டாக்டர் புள்ளைக்கும்... அம்மா இருப்பாள்ல" என்றாள். அதை அவனிடம் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள். தெருமுனையில் அக்கா யாரிடமோ நல்ல செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிற குரல் கேட்டது.

"பாத்ரூம் போணும்" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் ஒரு கையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்துத் தூக்கினான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்ல கையை மட்டும் அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். விழாமல் பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு இடம் இல்லை.